பல் பிடுங்கிய பிறகு: எந்தக் கைமருந்து, எந்த மணியில்

ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திறங்கிய அன்று வாயில் பஞ்சு இருந்தது. என்னால் பேச முடியவில்லை. அதனால் மற்ற எல்லோரும் பேசினார்கள். மாமி குசினியில் தண்ணீரைச் சுடவைத்து உப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வட்ஸ்அப்பில் வந்து, "கராம்பை இடிச்சு அந்தக் குழிக்குள்ள வை பிள்ளை, நோ பறந்திடும்" என்றார். மேல்மாடி அன்ரி கொய்யா இலையோடு வந்து கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டு ஐயா, ஒரு மிடறு சாராயத்தை வாயில் வைத்திருந்தால் போதும் என்று சொல்லியனுப்பினார்.

ஐயாவின் மருந்தைத் தவிர மற்றதெல்லாம் நல்ல மருந்துதான். பிழை நேரத்தில் இருந்தது. அன்றிரவே மாமியின் உப்புத்தண்ணீரை வாய் நிறைய எடுத்து, இரண்டு கன்னமும் உப்ப அலசி, பேசினுக்குள் ஓங்கித் துப்பினேன். கறுஞ்சிவப்பாக, ஈரல் துண்டு மாதிரி ஒன்று போய் விழுந்தது. "அழுக்கு வெளியில போகுது" என்று மாமிக்குச் சந்தோசம். மூன்றாம் நாள் விடிய நாலு மணிக்குக் காதுக்குள் ஆணி இறங்குவது போல ஒரு நோ எழுப்பியது. வாயில் பிண நாற்றம். மாமியும் நானும் அழுக்கு என்று நினைத்ததுதான் அந்தக் காயத்துக்கு என் உடம்பே செய்து வைத்திருந்த மருந்து என்பதை அதன் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

அதனால் கைமருந்துகளை இங்கே மணிக்கணக்கில் அடுக்குகிறேன். முதல் நாள் கெடுதல் செய்யும் அதே உப்புத்தண்ணீர் இரண்டாம் நாள் அமிர்தம்.

குழிக்குள் என்ன நடக்கிறது

பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் ஒரு சின்னக் கிணறு மிஞ்சுகிறது. அதில் இரத்தம் ஊறி நின்று உறைகிறது. அந்த உறைவு, அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் மூடி. புதுச் சதை படர்ந்து ஏறுவதற்கும் அதுதான் பந்தல். அது கழன்று போனால் வெற்று எலும்பில் காற்றும் எச்சிலும் சோற்றுப் பருக்கையும் படும். பல் வைத்தியர்கள் இதை உலர்ந்த குழி என்கிறார்கள். பெரும்பாலும் கீழ்க் கடைவாயில், பிடுங்கிய இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் தொடங்கும். சிகரெட் புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஆகவே யார் எந்தக் கைமருந்தோடு வந்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இது அந்த உறைவைக் காக்குமா, கலைக்குமா?

போவதற்கு முன்

பல் வைத்தியரிடம் பிரஷர், சீனி வருத்தம், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்ல நமக்குத் தெரியும். சொல்ல மறப்பது கைமருந்தைத்தான். உள்ளிக் குளிசை, மஞ்சள் குளிசை, தினமும் குடிக்கும் கஷாயம், இஞ்சிச் சாறு, இதையெல்லாம் சொல்லுங்கள். உள்ளி, இஞ்சி, மஞ்சள் மூன்றும் கறியில் போடும் அளவில் ஒன்றும் செய்யாது. ஆனால் செறிவான குளிசையாக எடுத்தால் இரத்தம் உறைவதைக் கொஞ்சம் மந்தப்படுத்தக்கூடும். அதற்காக வைத்தியர் எழுதித் தந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது.

ஐஸ், தூள் உப்பு, தேயிலைப் பை, பச்சரிசி, பனடோல். இவை வீட்டில் இருக்கட்டும். கராம்பு எண்ணெய் பாமசியிலேயே சின்னப் போத்தலில் வரும். மூலிகை ஆசை உள்ளவர்கள் புறக்கோட்டையில் கேபோஸ் லேன் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் பல் பிடுங்கிய வாயோடு அந்த நெரிசலுக்குள் போகாதீர்கள், முந்தின நாளே போய் வாங்கி வையுங்கள்.

முதல் ஒரு மணி: பஞ்சும் தேயிலைப் பையும்

வைத்தியர் வைத்துவிட்ட பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். இந்த அழுத்தம்தான் இரத்தத்தை நிறுத்துகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கண்ணாடியில் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கியது பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எச்சில் ஊறினால் விழுங்குங்கள். இரத்தம் கலந்த எச்சில் அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் துப்பாதீர்கள். துப்பும்போது வாய்க்குள் உண்டாகும் இழுவை உறைவைப் பிடுங்கும். ஸ்ட்ரோவில் உறிஞ்சுவதும் சிகரெட் இழுப்பதும் அதே இழுவைதான்.

பஞ்சை எடுத்த பிறகும் மெல்லக் கசிந்தால், இலங்கையில் எந்தக் குசினியிலும் இருக்கும் ஒரு மருந்து உண்டு: கறுத்தத் தேயிலை. தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் சிறு இரத்தக் குழாய்களைச் சுருங்க வைத்து உறைய உதவும். பிளேன்ரீ குடித்ததும் நாக்கு வரண்டு பிடிக்கிறதே, அது இதன் வேலைதான்.

செய்யும் விதம்: ஒரு தேயிலைப் பையைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். பிழிந்து, நன்றாக ஆறவிடுங்கள். பிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தால் இன்னும் நல்லது. நூலையும் கடதாசித் துண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, பையை இரண்டாக மடித்து, சுத்தமான துணிப்பஞ்சில் சுற்றிக் குழிக்கு மேல் வைத்து இருபது, முப்பது நிமிடம் அசையாமல் கடியுங்கள். பஞ்சில் சுற்றுவது எதற்கென்றால், பை கிழிந்தால் தேயிலைத் தூள் குழிக்குள் போய்விடும். பச்சைத் தேயிலையோ, பழ வாசனை போட்ட மூலிகைத் தேநீரோ வேண்டாம், சாதாரண கறுத்தத் தேயிலை போதும். கசிவுக்குத்தான் இது. வாய் நிறையும் அளவுக்கு இரத்தம் வந்தால் தேயிலையை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

விறைப்பு இறங்கும் வரை

விறைப்பு ஊசி பெரும்பாலும் இரண்டு முதல் நாலு மணி நேரம் நிற்கும். அதுவரை சுடச்சுட ஒன்றும் குடிக்கக் கூடாது. சுட்டது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு வேறொரு ஆபத்து. உணர்ச்சியில்லாத உதட்டைப் புதினமாக நினைத்துக் கடித்துக் கடித்துப் பார்ப்பார்கள். மாலையில் உதடு வீங்கிப் புண்ணாகி நிற்கும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நோவுக்கான மாத்திரையை விறைப்பு முழுதாக இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னரே எடுப்பது புத்தி. நோ ஏறின பிறகு விரட்டுவது கடினம்.

ஐஸ்: முதல் நாளின் முதல் மருந்து

இயற்கை மருந்து என்றதும் இலை, வேர், பட்டை என்று மனம் போகிறது. ஐஸ் ஒருவருக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை. முதல் இருபத்திநாலு மணியில் ஐசுக்கு நிகரான கைமருந்து இல்லை. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்கும், நரம்பையும் மந்தமாக்கும்.

ஐஸ்கட்டிகளைச் சொப்பிங் பையில் போட்டு, துவாயிலோ தடித்த லேஞ்சியிலோ சுற்றிக் கன்னத்தின் வெளியே வையுங்கள். பதினைந்திலிருந்து இருபது நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் எடுத்துவிடுங்கள். தோலில் நேரடியாக வைத்தால் குளிரே சுட்டுவிடும். கொழும்பு வெக்கைக்கு ஐஸ் பத்து நிமிடத்தில் தண்ணீராகிவிடும், அதனால் இரண்டு பை செய்து மாற்றி மாற்றி வைக்கலாம். உறைந்த பட்டாணிப் பைக்கட்டு இருந்தால் இன்னும் வசதி, கன்னத்தின் வளைவுக்குத் தக்கபடி படியும்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். "நேற்று இல்லாத வீக்கம் இன்றைக்கு வந்திருக்கே" என்று பயப்பட வேண்டாம், அது அதன் முறை. நாற்பத்தெட்டு மணி போனதும் ஐசை விட்டு இளஞ்சூட்டுக்கு மாறுங்கள். வெந்நீரில் பிழிந்த துணியைக் கன்னத்தில் வைத்தால் இறுகிப்போன தாடை இளகும். வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் இருப்பவர்களுக்கு, அதிலும் ஞானப்பல் எடுத்தவர்களுக்கு, இது பெரிய ஆறுதல். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பழகலாம்.

இந்த வரிசையை மாற்றிச் செய்வதுதான் நம் வீடுகளில் நடப்பது. முதல் நாளே கன்னத்தில் பாம் பூசி, மேலே சூட்டு ஒத்தடமும் வைப்பார்கள். சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டும், கசிவும் வீக்கமும் கூடும்.

முதல் இரவு

இரண்டு தலையணை. தலை உயர்ந்திருந்தால் துடிப்புக் குறையும். தலையணைக்கு மேல் பழைய துவாய் ஒன்றைப் போடுங்கள், எச்சிலோடு இரத்தம் வடிந்து உறை கறையாகும். குனிந்து பாரம் தூக்குவது, உடற்பயிற்சி, மெரின் டிரைவ் ஓட்டம், எல்லாம் சில நாள் ஓய்வெடுக்கட்டும். பல் துலக்கலாம், குழியின் பக்கம் மட்டும் போகாதீர்கள். வாயில் தண்ணீரை எடுத்து அலசாமல், தலையைக் குனிந்து வாயைத் திறந்து, தானாக விழவிடுங்கள். மாமி குசினியில் உப்புத்தண்ணீரோடு நிற்பார். "நாளைக்கு மாமி" என்று சொல்லுங்கள்.

இருபத்திநாலு மணி கழிந்தது: இப்போது உப்புத்தண்ணீர்

இனி மாமியின் மருந்துக்குத்தான் முதலிடம். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கிளாஸில் அரைத் தேக்கரண்டி உப்பு. அதிகம் போட்டால் அதிகம் வேலை செய்யும் என்றில்லை, செறிந்த உப்பு புண்ணை எரித்துக் காய வைக்கும். சூடு எவ்வளவு என்றால், குழந்தைப் பால் பார்ப்பது போல மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், சுடவும் கூடாது, குளிரவும் கூடாது.

ஒரு மிடறு எடுங்கள். கன்னத்தை உப்ப வைக்காதீர்கள். தலையைக் காயம் உள்ள பக்கம் சாய்த்து, தண்ணீர் குழியின் மேல் அரை நிமிடம் தங்கட்டும். பிறகு மற்றப் பக்கம் சாய்த்து, பேசினுக்கு மேல் குனிந்து வாயைத் திறவுங்கள். அது தானாக விழும். துப்பல் வேண்டாம். கிளாஸ் முடியும் வரை இப்படியே. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், படுக்கப் போகுமுன்னும், ஒரு கிழமைக்குச் செய்யுங்கள். பிரஷர் உள்ளவர்கள் விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பவர்கள் அந்தப் பழக்கத்தை ஒரு கிழமைக்கு மேல் தள்ளி வையுங்கள். எண்ணெய் கெட்டது என்பதால் இல்லை. பத்து நிமிடம் வாயை உலுக்கும் உலுக்கலுக்கு எந்த உறைவும் தாங்காது.

கராம்பு

அம்மா சொன்னதில் பாதி சரி. பல் வைத்தியர் அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாசம் இருக்கிறதே, அது பெரும்பாலும் கராம்பின் வாசம்தான். கராம்பு எண்ணெயின் முக்கியப் பொருள் யூஜினோல். நரம்பை மரக்க வைக்கும், கிருமியையும் அடக்கும். துத்தநாக ஒக்சைட் தூளோடு யூஜினோலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைப்பது பழைய, இன்றும் உள்ள முறை. எனக்கு உலர்ந்த குழி வந்தபோது, வைத்தியர் குழியைக் கழுவி வைத்த மருந்துப் பஞ்சிலும் அதே வாசம்தான் வந்தது. வைத்துப் பத்து நிமிடத்தில் ஒன்றரை நாள் நோ இறங்கியது. அம்மாவுக்குச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்றார்.

பாதி பிழை எதுவென்றால், இடித்த கராம்பைக் குழிக்குள் திணிப்பது. தூள் உள்ளே இறுகி நின்று அழுகும், எலும்பில் உரசும். தனிக் கராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினாலும் முரசு வெந்து வெள்ளையாக உரியும். இப்படிச் செய்யுங்கள்: ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் இரண்டு, மூன்று துளி கராம்பு எண்ணெய். பஞ்சு முனையில் தொட்டு, காயத்துக்குள் விடாமல், காயத்தைச் சுற்றி நோகும் நல்ல முரசில் ஒற்றுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை. இருபத்திநாலு மணிக்கு முன்னர் வேண்டாம், யூஜினோலுக்கு இரத்தம் உறைவதைச் சற்று மந்தமாக்கும் குணமும் உண்டு. எண்ணெய் இல்லாதவர்கள் ஒரு முழுக் கராம்பை நல்ல பக்கத்துக் கன்னத்தில் அடக்கி, ஊறும் சாற்றை நோகும் பக்கம் விடலாம்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கராம்பு எண்ணெய் கொடுக்காதீர்கள். கொஞ்சம் விழுங்கினாலே ஈரலைத் தாக்கக்கூடியது, போத்தலை எட்டாத உயரத்தில் வையுங்கள். இன்னொன்றும் உண்டு, வீட்டில் யாரும் சொல்லித் தராதது. நாளைக்குப் பல்நிறத்தில் அடைக்கப் போகிறீர்கள் என்றால் இன்றிரவு அந்தப் பல்லில் கராம்பு எண்ணெய் வைக்காதீர்கள். அந்த அடைப்புப் பசை இறுகுவதை யூஜினோல் கெடுக்கும். ஏற்கெனவே வைத்திருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்ற இலைகளும் வேர்களும்

கொய்யா இலைக் கஷாயம் நல்லது. நாலைந்து இளம் இலையைக் கழுவி, இரண்டு கிளாஸ் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் வடித்து, ஆறவைத்து, உப்புத்தண்ணீரைப் போலவே இரண்டாம் நாள் முதல் பாவிக்கலாம். துவர்ப்பு முரசை இறுக்கும். வேப்பிலையும் அப்படியே, கசப்பைத் தாங்கினால்.

மஞ்சளைப் பாலில் கலந்து இளஞ்சூட்டில் குடியுங்கள். குழிக்குள் அப்பாதீர்கள். தூள் எதுவானாலும் குழிக்குள் வேண்டாம், கடைத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது?

சிங்களத்தில் அக்மெல்ல என்று ஒரு செடி இருக்கிறது, தமிழில் பல்வலிப்பூண்டு. மஞ்சள் மொட்டுப் போல ஒரு பூ. அதை மென்றால் நாக்கு மின்சாரம் பட்டது போலக் கூசி, பிறகு மரத்துப்போகும். சூத்தைப்பல் கொதிக்கும்போது ஒரு பூவை வைத்துக் கடிப்பது நல்ல கைமுறைதான். ஆனால் எச்சிலை ஆறாய்ப் பெருக்கும், பிடுங்கிய முதல் நாட்களுக்கு ஒத்துவராது.

உள்ளிப் பல்லைத் தட்டி முரசில் வைப்பது வேண்டாம், புண்ணாக்கும். டிஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து நோகும் இடத்தில் வைப்பதும் அதே கதை. அது அமிலம், சதையை வேகவைக்கும். சாராயமும் வேண்டாம். காயத்தை எரிப்பது ஒரு பக்கம், வைத்தியர் மெட்ரோனிடசோல் எழுதித் தந்திருந்தால் மதுவோடு சேர்ந்து வாந்தியும் படபடப்பும் வரலாம். வெற்றிலை போடுபவர்கள் காயம் ஆறும் வரை நிறுத்துங்கள். நிறுத்தின கையோடு அப்படியே விட்டுவிட்டால் இன்னும் நல்லது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய்க்குத்தான் முதலிடம், பாக்குக்கும் அதில் பெரிய பங்கு.

சாப்பாடு

பசியோடு கிடந்து காயம் ஆறாது. முதல் நாள் ஆறின சாப்பாடு: தயிர், ஐஸ்கிறீம் (கஜு போடாதது, கரண்டியால்), வாழைப்பழம் மசித்தது, பப்பாசி. செவ்விளநீர் அருமை, ஆனால் காலி வீதியில் வெட்டித் தருபவர் வழக்கப்படி ஒரு ஸ்ட்ரோவையும் குத்தித் தருவார். போத்தலில் ஊற்றித் தரச் சொல்லி, வீட்டில் கோப்பையில் குடியுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து பச்சரிசிக் கஞ்சி, தேங்காய்ப்பால் விட்டு, இளஞ்சூட்டில். இடியப்பத்தைச் சொதியில் பத்து நிமிடம் ஊறவிட்டால் மெல்லவே தேவையில்லை, நாக்கால் நசுக்கலாம். ஆனால் சொதியைத் தாளிக்காதீர்கள். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் நாள் மாமி பாவம் பார்த்து, வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று கடுகு தாளித்துப் போட்டார். ஒரு கடுகு, சரியாக அளவெடுத்துச் செய்தது போல, குழிக்குள் போய் உட்கார்ந்தது. நாக்கால் தடவினால் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. உப்புத்தண்ணீரை நாலு தடவை சாய்த்துச் சாய்த்து விட்ட பிறகுதான் வெளியே வந்தது. பல்குச்சி, ஊசி, கொண்டையூசி எதனாலும் கிண்டாதீர்கள். எள், குரக்கன் ரொட்டித் துகள், கொய்யா விதை, எல்லாம் கடுகின் சொந்தக்காரர்கள்.

மசித்த பருப்பு, அவித்த முட்டை, முள் எடுத்த மீன், உருளைக்கிழங்கு, வட்டிலப்பம். இவற்றோடு ஒரு கிழமை தாராளமாக ஓடும். சம்பலும் கொத்துரொட்டியும் முறுக்கும் கச்சானும் காத்திருக்கட்டும். மல்லித் தண்ணி குடிக்கலாம், ஆறவிட்டு. சீனி வருத்தம் உள்ளவர்கள் மெல்ல முடியவில்லை என்று ஐஸ்கிறீமிலேயே நாளை ஓட்டக் கூடாது, சீனி ஏறினால் காயம் ஆறுவதும் தள்ளிப்போகும், கிருமியும் பிடிக்கும்.

பிடுங்கவில்லை, வேறு வேலை செய்தது

அடைத்த பல் குளிருக்குக் கூசுவது வழமை, சில நாளிலிருந்து இரண்டொரு கிழமைக்குள் அடங்கும். ஆனால் வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது என்றால் அடைப்பு உயரமாக இருக்கிறது. அதற்கு எந்த மூலிகையும் இல்லை, திரும்பிப் போய் இரண்டு நிமிடம் ராவிக்கொண்டு வாருங்கள். வேர்ச்சிகிச்சைக்குப் பிறகு கடிக்கும்போது சில நாள் நோகும். மற்றப் பக்கத்தால் மென்று, உப்புத்தண்ணீர் கொப்பளித்தால் போதும், இங்கே உறைவு இல்லாததால் அன்றைக்கே கொப்பளிக்கலாம். பல் சுத்தம் செய்த கூச்சத்துக்கும் அதுவே, கூடவே கூச்சத்துக்கான பற்பசையை விரலால் தடவிவிட்டுப் படுங்கள். பல்லில் கம்பி போட்டவர்களுக்குக் கன்னத்தில் உரசும் இடத்துக்கு வைத்தியர் தரும் மெழுகும், குளிர்ந்த தயிரும்.

பனடோலும் காய்ச்சலும்

கைமருந்து செய்வதால் மாத்திரை எடுக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம் சிலருக்கு உண்டு. வேண்டாம். பெரியவர்களுக்குப் பனடோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. உடல் மெலிந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் இன்னும் குறைவாக, கேட்டு எடுக்க வேண்டும். தடிமனுக்கு எடுக்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அதே பரசிட்டமோல் இருக்கிறது, இரண்டையும் கூட்டிக் கணக்கெடுங்கள். ஐபுபுரூஃபன் பல் நோவுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் அல்சர், சிறுநீரக வருத்தம், முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் எடுக்கக் கூடாது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பல் பிடுங்கி இரண்டொரு நாளில் காய்ச்சல் அடித்தால் அது பல்லால் வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. இது டெங்கு ஊர். டெங்கில் இரத்தத் தட்டுக்கள் குறையும், முரசிலிருந்தும் இரத்தம் கசியும். அந்த நேரத்தில் ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் ஆபத்து. காய்ச்சல் வந்த உடனே அவற்றை நிறுத்தி, பனடோலோடு மட்டும் நின்று, வைத்தியரிடம் போங்கள். பல் பிடுங்கியதையும் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்.

கைமருந்தை விட்டுவிட்டுப் போக வேண்டிய நேரம்

மூன்றாம் நாளுக்குப் பிறகு நோ குறையாமல் ஏறுகிறது, காதுக்கும் நெற்றிக்கும் பரவுகிறது, வாய் நாறுகிறது என்றால் உலர்ந்த குழி. வீட்டில் கராம்போடு மல்லுக்கட்டாமல் பிடுங்கியவரிடமே போங்கள். போக வழியில்லாவிட்டால் வார்ட் பிளேசில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்கத்தினுடையது. நான் ஒன்றரை நாள் பொறுத்துப் பார்த்தேன், அந்த ஒன்றரை நாளும் வீண்.

ஒரு மணி நேரம் இறுக்கிக் கடித்தும் நிற்காத இரத்தம், சீழ், நாலாம் நாளுக்குப் பிறகும் பெருக்கும் வீக்கம், அடுத்த நாளும் போகாத விறைப்பு, இவற்றுக்கும் அன்றைக்கே போக வேண்டும். தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீங்கினால், நாக்கு மேலே தள்ளப்பட்டால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு முட்டினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

ஒன்றும் பிழையாகாமல் போனால், ஒரு கிழமையில் நோவை மறந்துவிடுவீர்கள். குழி மட்டும் இன்னும் மூன்று, நாலு கிழமைக்கு நாக்குக்கு வேலை வைத்துக்கொண்டே இருக்கும். எனக்கு ஆறாம் கிழமையில்தான் அந்தப் பக்கத்தால் கச்சான் கடிக்கத் துணிவு வந்தது. மாமி இப்போதும் சொதியைத் தாளித்துத்தான் வைக்கிறார்.